மூடிய தொட்டியின் காற்று

இந்தப் போலீஸ் நிலைய அறையின் ஜன்னல் கம்பிகளுக்குத் துருவைச் சுரண்டாமலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். பார்வைக்குப் புதுசு, ஆறு மாதத்தில் பொருக்குப் பொருக்காக உதிரும். தப்பாக நினைக்காதீர்கள், தொழில் புத்தி. கப்பல் இரும்பை உப்புநீர் எவ்வளவு தின்றிருக்கிறது என்று அளந்து சொல்வதுதான் இருபத்து நான்கு வருடமாக என் வேலை.

இறந்துபோன தலைமைப் பொறியாளர் என் தங்கையின் கணவர். நான்தான் பார்த்துக் கட்டிவைத்தேன். அதே கப்பல் பட்டறையில் எனக்குப் பின்னால் சேர்ந்து, எனக்கு மேலே போய் உட்கார்ந்தார். அதில் எனக்கு வருத்தமில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

தகராறு பழுதுபார்க்க வந்த ஒரு பயணிகள் கப்பலில் ஆரம்பித்தது. அதன் அடியில் கடல்நீர் நிரப்பும் தொட்டி ஒன்று. தகடு பன்னிரண்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டும், ஆறுதான் இருந்தது. ஒன்பதுக்குக் கீழே போனால் தகட்டை மாற்றியே தீர வேண்டும். என் அறிக்கையில் இருந்த ஆறை அவர் ஒன்பதாக்கினார். கூட்டத்தில் எழுந்து கேட்டேன்.

“எங்க மச்சானுக்குச் சோத்துத் தட்டைப் பார்த்தாலும் துருதான் தெரியும்,” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அதையே மறுபடியும் சொன்னார். என் தங்கையும் சிரித்தாள், கண்ணில் நீர் வர.

மேலிடத்துக்கு எழுதியிருக்கலாமே என்கிறீர்கள். எழுதியிருக்கலாம்.

துருப்பிடிப்பது என்றால், இரும்பு காற்றிலிருக்கும் பிராணவாயுவை எடுத்துக்கொள்வது. ஈரமான தொட்டியை மாதக்கணக்கில் மூடிவைத்தால் உள்ளே உள்ளதையெல்லாம் இரும்பே தின்று தீர்த்துவிடும். வாடை இருக்காது, புகை இருக்காது. இறங்குகிறவர் இரண்டு மூச்சில் சுருண்டுவிடுவார். அதனால்தான் வெளிக்காற்றை உள்ளே செலுத்தி, கருவியால் சோதித்து, சீட்டில் எழுதிய பிறகே இறங்குவோம். நான் அளந்துவிட்டு வந்த பிறகு அந்தத் தொட்டி ஐந்து மாதம் மூடிக் கிடந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவரிடம் போனேன்.

“மாப்ள, என் அளவுல நம்பிக்கை இல்லைன்னா நீங்களே இறங்கி ஒரு தடவை பாத்துடுங்க. அப்புறம் நான் வாயே திறக்கமாட்டேன்.”

மூடியைத் திறந்ததும் குனிந்து பார்த்தார். “காத்து பாத்தாச்சா மச்சான்?”

“பாத்தாச்சு.”

கருவி என் பையில் அணைந்து கிடந்தது. சீட்டில் ‘காற்று சரி’ என்று எழுதியது என் கைதான். நீங்கள் கண்டுபிடித்தது சரி. என் அளவை நம்பாதவர் என் வார்த்தையை நம்பினார். ஏணியில் ஏழாவது படியில் அவர் பிடி விட்டுப்போயிற்று.

அன்றைக்கு அந்தத் தொட்டியில் இரண்டு பேர் இறந்தது கருவிக் கோளாறால் என்று பட்டறை விசாரணையை முடித்துவிட்டது. அவருடைய நாற்காலியில் என்னை உட்காரவைத்தார்கள். முதலில் வந்த கோப்பே அந்தக் கப்பலுடையது. கப்பலைத் திருப்பிக் கொடுக்கும் தேதி நெருங்கிவிட்டது என்று ஆளாளுக்கு அவசரப்படுத்தினார்கள். ஒன்பது என்று இருந்ததன் கீழே கையெழுத்துப் போட்டேன். கப்பல் தினமும் போய் வந்துகொண்டிருக்கிறது. நீங்கள் கூட அதில் போயிருப்பீர்கள்.

இரண்டாமவர், எங்கள் பட்டறைப் பெயிண்டர், எப்படி என்று கேட்டீர்கள். சத்தம் கேட்டுக் கையிலிருந்த டிபன் கேரியரைத் தரையில் வைத்துவிட்டு ஓடிவந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

“ஐயா விழுந்து கெடக்காரே சார். நகருங்க, நான் இறங்கித் தூக்கறேன்.”

அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. பன்னிரண்டு வருடப் பழக்கம். என் வீட்டுக் கேட்டுக்குக் கூட அவர்தான் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார். உள்ளே காற்றில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருப்பார். சொன்னால், அது உனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும்.

நகரச் சொன்னார், நகர்ந்து வழிவிட்டேன். மற்றபடி அவரை நான் ஒன்றும் செய்யவில்லை.