மயில் விரட்டும் ஆல்பம்

விராலிமலையிலிருந்து புதுக்கோட்டை போகும் பேருந்து. முன் சீட்டில் நாற்பதைத் தாண்டிய இரண்டு நண்பர்கள்.

“நம்ம ஆல்பத்தத்தான் எங்க மாமா கடலைக் காட்டுல ஸ்பீக்கர் கட்டிப் போடுறாரு. மொத வாரம் மயிலெல்லாம் தெறிச்சு ஓடிருச்சு.”

“எது, பங்க் ராக்கையும் ஹெவி மெட்டலையும் கலந்து அடிச்சமே, அதுவா?”

“அதேதான். கோழிப்பண்ணைக் கொட்டகையில ரெக்கார்டு பண்ணுனது. நீ பாடுனதுல அன்னைக்கு ஒரு கோழிகூட முட்டை போடல.”

“ஒன் கிட்டாரு மட்டும் என்ன. சுதி சேக்கத் தெரியாம, அதான் ஸ்டைலுன்ன.”

“இப்ப மயிலுக்குப் பழகிப்போச்சு. ஸ்பீக்கர் மேலயே ஏறி நிக்கிதாம். புதுசா ஒன்னு போட்டுத் தாங்கங்கிறாரு மாமா.”

மற்றவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நம்மகிட்ட ரெண்டாவது ஆல்பம் கேட்ட மொத ஆளு அவருதான்டா. எப்பக்குள்ள வேணுமாம்?”

“கடலை புடுங்குறதுக்குள்ள.”