பசை காயும் நேரம்

காபி வேண்டாம், மேடம். மத்தியானத்துக்கு மேல் காபி குடித்தால் எனக்குக் கை நடுங்கும். மாடல் விமானத்தின் தகட்டில் ஊசி முனையால் ஆணித்தலை குத்துகிற வேலைக்கு அது ஆகாது. இனி அந்த வேலை எனக்கு இல்லைதான், ஆனாலும் பழக்கம் விடவில்லை.

என் நண்பன் ஹினெக் இறந்த விவகாரத்தைப் போலீஸில் நீங்கள் பிப்ரவரியிலேயே முடித்துவிட்டீர்கள். மாரடைப்பு, அறுபத்திரண்டு வயது, ஏற்கெனவே இதய நோயாளி. இதில் எதுவும் பொய் இல்லை. நான் சொல்லாமல் விட்டது மட்டும் அந்தக் காகிதத்தில் இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நாங்கள் இரண்டு பேரும் ப்ஷெரோவ் ரயில் பட்டறையில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் குடியிருப்பின் பழைய கொதிகலன் அறையில் விமான மாடல் செய்வோம். பெட்டியில் வாங்கி ஒட்டுகிற மாடல் எங்களுக்கு ஆகாது. பிளாஸ்டிக் தகடு, பித்தளைக் கம்பி, எங்கள் கை, அவ்வளவுதான். கடைசியாக எடுத்தது ஒரு சினிமா விமானம். கறுப்பு வெள்ளைப் படம், நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. மூன்று எஞ்சின்கள் கொண்ட அந்த விமானம் நிஜத்தில் எந்த நாட்டிலும் பறந்ததில்லை. ஸ்டூடியோ தச்சர்கள் ஒட்டுப்பலகையில் செய்து, கடைசிக் காட்சியில் கொளுத்திவிட்டார்கள். வரைபடம் கிடையாது.

வரைபடம் இல்லாத விமானத்துக்கு அளவை எங்கிருந்து எடுப்பது? பக்கத்தில் நிற்கிற மனிதனிடமிருந்துதான். ஒரே ஒரு காட்சியில் கதாநாயகன் புல்வெளியில் சிறகின்மேல் கைபோட்டு நிற்கிறான். அந்த நடிகருடைய உயரம் நூற்று எண்பத்து நான்கு சென்டிமீட்டர் என்று ஒரு பழைய சினிமாப் பத்திரிகையில் ஹினெக் கண்டுபிடித்தான். அந்த ஒரு எண்ணிலிருந்து முழு விமானத்தையும் கணக்குப் போட்டோம். நிஜத்தில் நாற்பத்தெட்டு சென்டிமீட்டர் இருப்பது எங்கள் மாடலில் ஒரு சென்டிமீட்டர். ஆறு வருஷம் ஆயிற்று. என் மனைவி ஒருமுறை, "உங்களுக்குள்ள கல்யாணம் எப்போ?" என்று கேட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹினெக் கோட்டைக் கழற்றிக் கதவருகே மாட்டிவிட்டு, சிரித்துக்கொண்டே வந்தான்.

"டேய் போஹுஷ், மொதல்ல உக்காரு. நின்னா விழுந்துடுவ" என்றான்.

அவன் கையில் ஒரு புகைப்படம் இருந்தது. படப்பிடிப்பில் வேலை பார்த்த ஒருவருடைய மகள் அனுப்பியது. அதே காட்சிதான், ஆனால் மறுபக்கத்திலிருந்து எடுத்தது. இந்தப் பக்கம் புல் அவர் காலை மறைக்கவில்லை.

"நம்ம ஹீரோ எதுமேல நிக்கிறாரு பாரு."

"பெட்டி."

"பீர் பெட்டிடா. இருபது சென்டிமீட்டர். ஆறு வருஷமா நாம பீர் பெட்டிய அளந்துருக்கோம்."

அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். நடிகரின் தலை நாங்கள் நினைத்ததைவிட இருபது சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், விமானமும் அந்த அளவுக்குப் பெரியது. எங்கள் மாடல் நாற்பத்தெட்டில் ஒன்று இல்லை, ஐம்பத்து மூன்றில் ஒன்று. ஒவ்வொரு ஆணித்தலையும் தப்பு.

"யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன்.

"எனக்குத் தெரியுமே. ஏப்ரல் போட்டிக்கு இது வேணாம். கிளப் பத்திரிகைல நானே எழுதிடறேன், எல்லாரும் நல்லா சிரிக்கட்டும். அப்புறம் மறுபடி ஆரம்பிப்போம்."

அவன் அப்படித்தான். தோற்றதையும் கதையாகச் சொல்லி ஒரு பீர் அதிகம் குடிக்கிறவன். எனக்கு அது வராது. நான் இடது சிறகை எடுத்து உடலோடு பொருத்தி, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவன் பேச்சு நின்றது. நெஞ்சைப் பிடித்தபடி நாற்காலியில் சரிந்திருந்தான். நாக்குக்கு அடியில் அடித்துக்கொள்ளும் மருந்து அவன் கோட்டுப் பையில் எப்போதும் இருக்கும். கோட்டு என்னிடமிருந்து மூன்றே எட்டில் தொங்கியது.

"போஹுஷ்... கோட்டு" என்றான்.

"இருடா, பசை காயட்டும்" என்றேன்.

அவன் மேசையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை.

எதிரே சுவர்க் கடிகாரம். பதினோரு நிமிடம் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு சிறகைப் பத்திரமாக வைத்துவிட்டு, புகைப்படத்தை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். புகைப்படம் அன்றைக்கே அடுப்புக்குள் போனது.

கையில் சிறகு இருந்தது, பசை காய்ந்துகொண்டிருந்தது, அவன் சரிந்ததைக் கவனிக்கவில்லை என்று உங்கள் ஆளிடம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். கிளப்பிலும் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. "பசை வெச்ச நேரத்துல எம்பொண்டாட்டி கூப்பிட்டாலே எனக்குக் காது கேக்காது" என்றார் தலைவர். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

ஏப்ரலில் ஒலோமௌட்ஸ் போட்டியில் நடுவர்கள் டார்ச் அடித்து, சின்னக் கண்ணாடி வைத்து, வயிற்றுப் பக்கம்வரை பார்த்தார்கள். தங்கப் பதக்கம். இரண்டு பேர் பெயரையும் வாசித்தபோது என் கண் கலங்கியது. அது நடிப்பில்லை, மேடம். அவன் இல்லாத அறை எனக்குத் தாங்கவில்லை.

பதக்கத்தை அவன் மனைவி மிலாடாவிடம் கொடுத்தேன். கல்லறையில் அவன் சாம்பல் இருக்கும் கண்ணாடி மாடத்தில் அதை வைத்தாள். பக்கத்தில் வைக்க ஒரு அட்டை எழுதித் தரச் சொன்னாள். விமானம், அளவு, இரண்டு பெயர்கள். எழுதிக் கொடுத்தேன்.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் எனக்குப் பிளம் கேக் கொண்டுவருகிறாள். போன வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசில அவரு தனியா இல்ல, நீங்க கூட இருந்தீங்க. அத நெனச்சுத்தான் எனக்குத் தூக்கமே வருது" என்றாள். அவள் போனதும் அந்தக் கேக்கை அப்படியே மூடி வைத்தேன். குற்றவாளி என்று என்னை நானே சொல்லிப் பார்த்தேன். சின்னச் சொல்லாகத்தான் பட்டது.

இப்போது எழுதிக்கொள்ளுங்கள். ஒட்டுவதற்கு முன்னால் பொருந்துகிறதா என்று வெறுமனே வைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். அன்றைக்கு நான் செய்தது அதுதான். சிறகில் ஒரு சொட்டுப் பசை இல்லை. டப்பா மேசைமேல் மூடியபடி இருந்தது. ஹினெக் பார்த்தது அதைத்தான். நான் கையை எடுத்திருந்தால் எதுவும் கெட்டுப்போயிருக்காது. அவன் சாகட்டும் என்றுதான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மிலாடாவிடம் இதையெல்லாம் நீங்களே சொல்லிவிடுங்கள், ஒன்றும் மறைக்க வேண்டாம். அளவு தப்பு என்பதை மட்டும் சொல்லாதீர்கள், பாவம், அவள் தாங்கமாட்டாள்.