மெட்டில் டவர் கிடைக்கும் நேரம்

ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் தேதியும் நேரமும் சேர்ந்து விழ வேண்டும் சார். பலர் செய்தியை மட்டும் எடுத்துவிட்டு, பிறகு உங்கள் ஸ்டேஷனில் வந்து விழிக்கிறார்கள்.

என் தங்கை பவித்ரா போடியிலிருந்து ஏலக்காய் பறிக்க மலைக்குப் போனவள். எங்கள் ஜீப்பில் போகிறவர்களுக்குப் போனில் ஒரு குரூப் உண்டு. அதில் யாரோ பெயரில்லாத எண்ணிலிருந்து அவள் முகத்தை வெட்டி ஒட்டி அசிங்கமான படங்கள் போட்டார்கள். நாற்பத்தொரு நாள். ஒன்றுவிடாமல் சேமித்தேன், அந்த ஆப் கம்பெனிக்குப் புகார் அனுப்பினேன். விதிமீறல் இல்லை என்று பதில் வந்தது.

குரூப் அட்மின் பால்பாண்டியிடம் சொன்னபோது சிரித்தார். "ஏத்தா, ரெண்டு நாளைக்குப் போனை ஓரமா வையி. வெரசா அடங்கிரும்."

மறுநாள் பவித்ரா செடிக்கு அடிக்கும் மருந்தைக் குடித்துச் செத்தாள்.

காரியம் முடிந்ததும் படங்களை வரிசையாகப் பார்த்தேன். எல்லாமே காலை ஆறு ஐம்பதுக்கும் ஏழுக்கும் நடுவில் வந்தவை. எங்கள் ஜீப்பு மலை உச்சியில் போடிமெட்டை எட்டும் நேரம் அது. வழியில் டவர் கிடையாது. வளைவுகளில் போனில் அடித்ததெல்லாம் மெட்டில்தான் போய்ச் சேரும். அப்படியானால் ஆள் ஜீப்புக்குள் இருக்கிறான். டிரைவர் ஈஸ்வர் ஒருமுறை பவித்ராவிடம், "கண்ணாடியில பாத்தா ஒம் மொகந்தான் தெரியுது" என்றவர். எனக்கு அது போதும். ஊருக்குப் போதாது.

அதனால் புது சிம் வாங்கி, அதில் ஈஸ்வர் படத்தை டிபியாக வைத்து, அதே மாதிரி மூன்று செய்திகளை எனக்கு நானே அனுப்பிக்கொண்டேன். அதைப் பொய் என்று சொல்லாதீர்கள். விடுபட்டிருந்த பெயரை நிரப்பினேன்.

நான் காட்டிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துத் தோட்டத்து ஆட்கள் அவரை மெட்டில் வைத்து அடித்தார்கள். நானும் நின்றேன்.

"பதினேழு வளைவுலயும் எங் கை ரெண்டும் ஸ்டேரிங்லதான இருக்கு, நா எப்படித்தா டைப் அடிப்பேன்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அதுதான் அவர் கடைசிப் பேச்சு.

போன வாரம் குரூப்பில் அந்தப் பெயரில்லாத பழைய எண்ணிலிருந்து வேறொரு பெண்ணின் படம் வந்தது. ஆறு ஐம்பத்தைந்து. ஜீப்பை ஓட்டியது புது டிரைவர்.

யோசித்தேன். டிரைவருக்குப் பக்கத்தில் கங்காணி சுருளி உட்காருவார், கை சும்மாதான் இருக்கும். என் கணக்கில் பெரிய பிழை இல்லை சார், ஓர் இருக்கைதான் தள்ளிப் போயிருந்தது. நேற்று காலை அதே சிம்மில் சுருளியின் படத்தை வைத்துச் சரிசெய்துவிட்டேன்.