எம் சைஸ் சரியாத்தான் இருந்துச்சு

வலது காலை முதல்ல வைங்க அண்ணாச்சி. மூணாவது படி ஆடும், கயித்தைப் பிடிச்சிக்கிடுங்க. ஏறிட்டீங்க, அம்புட்டுதான். தலை, தலை. தகரத்துல இடிச்சிட்டீங்களா? தாராவியில மாடின்னா இப்படித்தான்.

நான் பூமாரி. சட்டைக்கு சைஸ் லேபிள் தைக்கேன். உங்களுக்கு எல்லாம் காட்டச் சொல்லி மன்சூர் பாய்தான் அனுப்புனாரு. ஏ பூமாரீ, புது மாஸ்டருக்கு சாயா குடுத்துட்டு அட்டையெல்லாம் எடுத்துக் காட்டு, சமஜ் கயி க்யா, புரிஞ்சுதா? கீழ பாக்காதீங்க, அவர் இல்ல, நான்தான். பாய்க்கு கீச்சுக்குரல், ஈஸியா வரும். ட்ரெயின்ல வருமே, அக்லா ஸ்டேஷன் மாட்டுங்கா, அதுவும் வரும்.

இது கட்டிங் டேபிள். ஆணியில தொங்குதுல்லா, அதெல்லாம் பேட்டர்ன் அட்டை. எங்கப்பா எழுத்து. ஆமா, உங்களுக்கு முன்னால இருந்த நம்பிராஜன் மாஸ்டர் எங்கப்பாதான். எதுக்கு எந்திரிக்கீங்க? அவர் ஸ்டூல்தான், கடிக்காது.

அப்பா வேலை போன விஷயம் ஊரு வரைக்கும் வந்துட்டா? நர்ஸம்மாமாருக்குச் சட்டை, மூவாயிரம் பீஸ். உங்களுக்குத் தெரியாததா, நடு சைஸ், எம்மை மட்டுந்தான் பொம்மைக்கு மாட்டிப் பாப்போம். மத்த பெரிய சைஸெல்லாம் அதுல இருந்து கூட்டிக் கூட்டி வரையுறது. எங்க பழைய அட்டையில சைஸுக்கு ரெண்டு இஞ்ச் நெஞ்சுச்சுத்து கூடும். ஆர்டர் குடுத்த பார்ட்டி மூணு கேட்டுது. அப்பா புது அட்டை வரைய உக்காந்தாரு. அப்ப கீழ இருந்து பாய் குரல். மாஸ்டரே, புதுசு வேண்டாம், பழைய அட்டையே போதும், பார்ட்டி ஒத்துக்கிட்டான். அப்பா சிரிச்சாரு. சரி பாய்னாரு. வெட்டிட்டாரு. இங்க ஒரு பேச்சுக்காக யாரும் ஏணி ஏற மாட்டாங்க. கீழ இருந்து ஒரு சத்தம், மேல இருந்து ஒரு சரி.

யாரும் பாக்கலையான்னா, பாத்தாங்க. பாய் எடுத்ததும் எம், பார்ட்டி செக்கர் எடுத்ததும் எம். எம் ரெண்டு அட்டையிலயும் ஒண்ணுதானே. கடைசியில டபுள் எக்ஸெல் போட்ட ஒரு நர்ஸம்மா சலைன் பாட்டில் மாட்டக் கையைத் தூக்கியிருக்கா, கக்கத்துல டர்ர்ர். மால் அம்புட்டும் திரும்பி வந்துட்டு. ஏறும்போது கட்டுக்கட்டா மிதிச்சிட்டு வந்தீங்களே, அதான்.

அப்பா வெட்டுன அன்னைக்கு பாய் முலுண்ட் போயிருந்தாரு. இல்லாத ஆள் குரல் எப்படிக் கேக்கும்? முதல்ல என்னைத்தான் பிடிச்சாங்க. ஏட்டி, உன் வேலைதானேன்னு. அப்பா என் மூஞ்சியப் பாத்தாரு. அவர் தலையில கைவச்சு சத்தியம் பண்ணுனேன், நான் இல்லன்னு. அதோட முடிஞ்சுது. எம்மக எந்தலையில பொய்ச்சத்தியம் பண்ணமாட்டா பாய், எங்காதுதான் கெட்டுப்போச்சுன்னுட்டாரு.

இப்ப வீட்டுலதான் இருக்காரு. இல்லாத குரல் கேக்குதுன்னு ஆஸ்பத்திரியில மாத்திரை குடுத்திருக்காங்க. யார் கூப்பிட்டாலும் முதல்ல வாயைப் பாப்பாரு. வாய் அசைஞ்சாத்தான் பதில்.

சாயா ஆறுது, குடிங்க. ஒண்ணு சொல்லுதேன், வேலைக்கு ஆகும். கீழ இருந்து பாய் குரல் கேட்டா, உடனே சரின்னுறாதீங்க. இறங்கி மூஞ்சியைப் பாத்துருங்க. நான் பாய் குரல்ல கூப்பிட்டா எங்கப்பா எப்பவும் இறங்கி வருவாரு. ஆளைக் காணாம முழிப்பாரு, கதவுக்குப் பின்னால நான் சிரிப்பேன், மண்டையில ஒரு கொட்டு விழும். அன்னைக்கு அவர் சிரிக்கவும் நான்தான்னு கண்டுபிடிச்சிட்டாருன்னு நெனச்சு வடாபாவ் வாங்க ஓடிட்டேன். வேலை மிச்சம்னு சிரிச்சிருக்காரு.

பாய்கிட்டயா? தாராளமாச் சொல்லுங்க, நானே சொல்லிட்டேன். அன்னைக்கு சத்தியம், இன்னைக்கு இது, அப்பனுக்கு வேலை வேணும்னு நடிக்கியாங்காரு.

அப்பாகிட்டயும் சொல்லத்தான் போனேன். போன வெள்ளிக்கிழமை, அவர் முதுகுக்குப் பின்னால நின்னு, பாய் குரல்ல, மாஸ்டரே, பழைய அட்டையே போதும்னேன். திரும்பினா என் மூஞ்சியைப் பாத்துருவாரு, மிச்சத்தைச் சொல்லிரலாம்னு.

திரும்பல அண்ணாச்சி. சட்டைப்பையில இருந்து மாத்திரையை எடுத்து, தண்ணிகூட இல்லாம முழுங்கிட்டாரு.