மாடத்தி ஆத்தா அவிழ்த்த உருமால்

கூட்டம் கொஞ்சம் காத்துக் கெடக்கட்டும். நான் பேசி முடிச்சப்புறம் ஆரம்பிங்க.

அந்தக் காலத்துல, வெள்ளக்காரன் போயி கொஞ்ச வருசந்தான் ஆகியிருக்கும், இதே உப்பாத்துப்பட்டியில செல்லக்கனி டீச்சர்னு ஒருத்தி இருந்தா. எங்க அப்பாவுக்கு அத்தை. எங்க வீட்டு ஆளு, அதனால அவ இவன்னுதான் சொல்லுவேன்.

ஊருக்குக் குடிக்கத் தண்ணி இந்த ஊருணி ஒண்ணுதான். அப்ப ஊர்த்தலைவரு பலவேசம். தலைவருக்கு அடையாளம் தலையில தலைப்பாகையாக் கட்டுற ஒரு பட்டு உருமால். அந்த மனுசன் என்ன பண்ணுனாரு? ஊருணியில எஞ்சினை எறக்கித் தன் வாழைக்குப் பாய்ச்சுனாரு! ஊர்க்கூட்டத்துல ஆம்பளைங்க அம்புட்டுப் பேரும் சரின்னு கையத் தூக்கிட்டாவளாம். பொம்பளைங்க கூட்டத்துல காலே வைக்கக் கூடாது. ஊருணி வத்திப் போச்சு. பக்கத்தூரு கெணத்துக்குக் குடத்தோட நடந்தது யாரு? கையத் தூக்குனவனா?

அந்தச் சமயத்துலதான் டீச்சர் மக்களாட்சிப் பாடம் நடத்துனா.

"ரொம்பக் காலத்துக்கு முன்னால கிரேக்க தேசத்துல ஏதென்சுன்னு ஒரு ஊரு. அங்க ராசா கெடையாது. குன்று மேல கூடி உக்காந்து, கையத் தூக்கி முடிவு பண்ணுவாவ"ன்னாளாம்.

அருஞ்சுனைன்னு ஒரு பொம்பளப் பிள்ளை எந்திரிச்சிச்சாம். "டீச்சர், அங்க பொம்பளைங்களும் கையத் தூக்குவாவளா?"

"இல்ல தாயி. பொம்பளைக்குக் கெடையாது. அடிமைக்கும் கெடையாது."

"அப்ப நம்ம ஊரு மாதிரிதான டீச்சர்!"

வகுப்பே சிரிச்சுதாம். டீச்சர் சிரிக்கல. "இன்னொரு கூட்டத்தச் சொல்லுதேன் கேளுங்க. அமெரிக்காவுல இரோக்வான்னு பூர்வகுடிங்க. அங்க குலத்துத் தாய்மாருதான் தலைவனைத் தேர்ந்தெடுப்பாவ. அவன் தலையில மான்கொம்பு இருக்கும். தப்புப் பண்ணுனா மூணு தடவை எச்சரிப்பாவ. கேக்கலன்னா கொம்பைக் கழட்டிருவாவ. அதோட அவன் தலைவன் இல்ல."

பிள்ளைங்க வீட்டுல போயி அப்படியே ஒப்பிச்சிட்டுதுங்க. அம்மாமாருக்கு என்ன தெரியும்? பள்ளிக்கூடத்துல சொன்னா அது சர்க்காரு சட்டம்னு நெனச்சிட்டாவ! "ஏட்டி, புதுச் சட்டம் வந்துருக்காம்! ஆத்தாக்காரி மூணு தடவை சொல்லணுமாம்!" ஊரு பூராவும் இதே பேச்சு. நேரா பலவேசத்தப் பெத்த மாடத்தி ஆத்தாகிட்டப் போயி நின்னாவ. அவ மருமகளும்தான தெனமும் குடத்தோட நடந்தா?

ஆத்தா மகன்கிட்டச் சொன்னா. "ஏல, எஞ்சினை நிறுத்து."

"போம்மா, போயி சோத்தை வை."

ரெண்டாவது தடவை சொன்னா. சிரிச்சாரு. மூணாவது தடவை சொன்னா. "எவ சொல்லிக் குடுத்தா ஒனக்கு?"ன்னு குதிச்சாரு. டீச்சர்தான்னு தெரிஞ்சதும் கூட்டத்தப் போட்டாரு. டீச்சரை வரவழைச்சு வெயில்ல நிப்பாட்டி, "இவளை ஊரை விட்டு அனுப்பணும், கையத் தூக்குங்க"ன்னாரு. தூக்குனானுவளே! அவகிட்டப் படிக்கிற பிள்ளைகளோட அப்பனுவளும் தூக்குனானுவ. வெக்கங்கெட்ட பயலுவ.

பொம்பளைங்க தூரத்துல நிக்காவ. டீச்சர் அவங்களப் பாத்துச் சொன்னாளாம். "ஆத்தாமாரே, பொய் சொல்ல மாட்டேன். அது நம்ம சட்டம் இல்ல. தூர தேசத்து ஆளுக வச்சுக்கிட்ட வழக்கம்."

பலவேசம் கெக்கெக்கேன்னு சிரிச்சாரு. "கேட்டியளா? சட்டமே இல்லியாம்!"

அப்பதான் மாடத்தி ஆத்தா விறுவிறுன்னு கூட்டத்துக்குள்ள வந்தா. அதுவரைக்கும் ஒரு பொம்பள மிதிக்காத எடம், பாத்துக்கிடுங்க. "சட்டம் இல்லன்னா போகட்டும்ல. அந்தூருப் பொம்பளைங்களுக்கு மட்டும் சர்க்காரா குடுத்துச்சு? அவளுவளே வச்சுக்கிட்டதுதான? நாங்களும் வச்சுக்கிடுதோம்"னா. பெத்த மகன் தலையில இருந்த உருமாலை ஒரே இழுப்புல அவிழ்த்துட்டா. அன்னைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள எஞ்சின் கரையேறிருச்சு.

ஆனா டீச்சருக்கு என்ன நடந்துச்சு தெரியுமா? இந்த ஊரு ஆம்பளைங்க மேலதிகாரிக்கு மனுப் போட்டு, அவளை எங்கயோ மாத்த வச்சிட்டானுவ. திரும்பி வரவே இல்ல. இதுல, பலவேசம்தான் பெருந்தன்மையா ஊருணிய விட்டுக் குடுத்தாருன்னு இப்பவும் கதை சொல்லிட்டுத் திரியுதானுவ. பெருந்தன்மையாம், மண்ணாங்கட்டி!

அதனாலதான் நம்ம ஊருல யாரு தலைமைக்கு வந்தாலும், உருமாலை ஊருக்கு மூத்த பொம்பளை கையால கட்டுதோம். தப்புன்னா மூணு தடவை சொல்லுவோம். அப்புறம் கட்டுன கைதான் அவிழ்க்கும். இப்ப ஊருக்கு மூத்தவ நான்.

ஏல சுயம்பு, எங்க பாக்க? ஒன்னையத்தான் சொல்லுதேன். ஊரு ஓட்டுப் போட்டது ஒம் பொண்டாட்டி சடச்சிக்கு. உருமாலை நான் கட்டுனதும் அவ தலையிலதான். தலைவி நாற்காலியில நீ உக்காந்துருக்க, அவ செவத்தோரமா நிக்கா. எந்திரில.

இது மொதத் தடவை.