சக்கரம் பிடித்தவன்

விளக்கு வைக்கிற நேரம் தாண்டிவிட்டது. சேரப்பணஞ்சேரி ஏரிக்கரை ரோடு... கம்பெனி பஸ் ஆட்களை இறக்கிவிட்டுப் போனபின் அந்தப் பக்கம் நாய்கூட நடமாடாது. அந்த ரோட்டில் தளவாய் தனியாக நடந்துகொண்டிருந்தான். தளவாய் வேறு யாருமில்லை, நம் பேச்சிராஜின் அக்கா புருஷன்தான். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். பேச்சிராஜ் வாயால் சொன்னதைத்தான் சொல்கிறேன், கைச்சரக்கு எதுவும் இல்லை. கதவோரம் உட்கார்ந்திருப்பவர்கள் கொஞ்சம் உள்ளே தள்ளி வாருங்கள்.

ஏரிக்கரை முடிகிற இடத்தில் உள்ளூர்க்காரர் கோதண்டராமனின் பழைய மாட்டுக்கொட்டகை. அதற்குள் ஒரு மோட்டார் சைக்கிள். வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு, ஒற்றைச் சிலிண்டர். கோதண்டராமனின் மகன் ராஜசேகர் ஆசையாக வாங்கி வைத்திருந்தான். அவன் செத்தபின் யாரும் அதைத் தொடவில்லை.

"ஓட வெச்சினா நீயே எடுத்துக்கோ தம்பி. எனக்கு அத்த பாக்கவே புடிக்கல" என்று சொல்லிவிட்டார் கோதண்டராமன். மகன் எப்படிச் செத்தான் என்று தளவாய் கேட்கவில்லை. ஓசியில் வண்டி கிடைக்கும்போது யார் கேட்பார்கள், சொல்லுங்கள்.

அந்த வண்டிக்குச் சாவி கிடையாது. பேட்டரி கிடையாது. மேக்னட்டோ என்று ஒன்று உண்டு. இன்ஜின் சுற்றினால் அதுவும் சுற்றி, தானே மின்சாரம் உண்டாக்கிப் பொறி விடும். சூட்சுமமெல்லாம் அந்தப் பொறி எப்போது விழுகிறது என்பதில்தான். வண்டி ஓடும்போது பிஸ்டன் உச்சிக்கு வருமுன்னே நன்றாக முந்தி விழ வேண்டும். உதைத்துக் கிளப்பும்போது பிந்தி விழ வேண்டும். அதற்காகவே கைப்பிடியில் ஒரு குட்டி லீவர். தள்ளினால் பொறி முந்தும், இழுத்தால் பிந்தும். உதைக்கிற நேரம் பொறி முந்திவிட்டால்... இன்ஜின் பின்னோக்கி எகிறும். கிக்கர் திரும்பி வந்து காலை அடிக்கும். கழுதை உதையெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

தளவாய்க்கு இது தெரியும். பயமும் இருந்தது. கம்பெனி லைனில் நின்றுகொண்டே பார்க்கிற வேலை அவனுடையது. கால் போனால் வேலை போச்சு. பெண்டாட்டி வேல்விழியை அடுத்த மாதம் ஊரிலிருந்து கூட்டி வர வீடு வேறு பார்த்து வைத்திருந்தான். அதனால் பொறி விழுகிற நேரத்தை, அதாவது டைமிங்கை, நிதானமாக வைப்பது என்று முடிவு.

அதற்கு இரண்டு ஆள் வேண்டும். அதே லைனில் நிற்கிற பேச்சிராஜ் ஷிப்ட் முடிந்ததும் வருவதாகச் சொல்லியிருந்தான். ஒருவன் பின்சக்கரத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். இன்னொருவன் மேக்னட்டோவின் பாயிண்டுக்கு, அதாவது திறந்து மூடுகிற இரண்டு தொடுமுனைகளுக்கு நடுவே சிகரெட் பாக்கெட்டின் மெல்லிய தாளைச் செருகி, லேசாக இழுத்துப் பிடித்தபடி இருக்க வேண்டும். பாயிண்ட் திறக்கிற கணத்தில் தாள் வழுக்கிக்கொண்டு வரும். பொறி விழும் கணம் அதுதான். இவ்வளவும் லீவரை முழுக்கத் தள்ளி வைத்துத்தான் செய்ய வேண்டும். இழுத்து வைத்துச் செய்தால் கணக்கே தப்பு, இழுத்த நிலையிலேயே பொறி முந்தி விழும். தளவாய் தன் கையாலேயே தள்ளிவிட்டுத்தான் குனிந்து உட்கார்ந்தான்.

செல்போன் டார்ச்சைப் பாயிண்டின் மேல் சாய்த்து வைத்திருந்தான். மற்றதெல்லாம் இருட்டு. வெளியே மண்ணில் காலடிச் சத்தம். சரக்... சரக்... ஒரு காலை இழுத்து நடப்பதுபோல. கூடவே எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் எண்ணெயின் வாடை.

"வந்துட்டியால மாப்ள? சக்கரத்தப் புடி" என்றான் தளவாய், தலையைத் தூக்காமல். பேச்சி காலைச் சுளுக்கிக்கொண்டான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

"ம்."

லைன் இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது. அதனால் ஸ்பேனரால் தட்டித்தான் இருவரும் பேசிக்கொள்வார்கள். ஒரு தட்டு என்றால் நகர்த்து, இரண்டு தட்டு என்றால் நிறுத்து. இங்கேயும் அதே பழக்கம். டக். சக்கரம் நகர்ந்தது. டக். இன்னும் கொஞ்சம். எண்ணெய் போட்டதுபோல அப்படி ஒரு பதமான கை. கடைசியில் தளவாய் தட்டுமுன்பே சக்கரம் நின்றது... அதே நொடியில் தாள் வழுக்கி வந்தது.

நட்டை முறுக்கிவிட்டு எழுந்தான். லீவரை இழுக்கக் கை வைத்தான். அது ஏற்கெனவே இழுத்துத்தான் இருந்தது. பேச்சி இழுத்து வைத்திருப்பான், கெட்டிக்காரப் பயல் என்று மெச்சிக்கொண்டு வலது காலைக் கிக்கரில் வைத்தான்.

உதைத்தான்.

மடார்! காய்ந்த சவுக்குக் கட்டை முறிகிற சத்தம். தளவாய் தரையில் கிடந்தான். பாதம் வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. டார்ச் எரிந்துகொண்டிருந்த செல்போன் அடிக்க ஆரம்பித்தது. எப்படியோ ஊர்ந்துபோய் எடுத்தான்.

"மச்சான், கோவிச்சுக்கிடாதிய. திடீர்னு ஓவர்டைம் போட்டுட்டாவ, சூப்பர்வைசர் விட மாட்டேங்கான். நான் இன்னும் லைன்லதான் நிக்கேன். தனியா டைமிங்ல கைய வச்சிராதிய" என்றான் பேச்சிராஜ்.

பின்சக்கரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அங்கே யாருமில்லை.

அலறல் கேட்டு ஓடி வந்த கோதண்டராமன் தளவாயின் காலைப் பார்த்ததும் அப்படியே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "எம் புள்ளைக்கும் இதே காலுதாம்பா. புண்ணு சீழ் வெச்சிதான் போய்ட்டான். யாரோ வந்து சக்கரத்த புடிச்சாங்க, டைமிங் வெக்கறதுக்கு முன்னாடியே லீவர மாத்தி வெச்சிட்டாங்கன்னு சாவுற வரைக்கும் சொல்லினே இருந்தான். ஜுரத்துல ஒளர்றான்னு நெனச்சிட்டோம்..."

வேலை போனது. தளவாய் கட்டுப் போட்ட காலோடு ஊருக்கே போய்ச் சேர்ந்தான். வேல்விழி அழுத அழுகையைப் பேச்சிராஜால் இன்றைக்கும் சொல்லி முடிக்க முடியாது.

சில வாரம் கழித்து ஒரு காலை நேரம். தளவாய் அப்போதுதான் கண் விழித்திருந்தான். மணிகண்டபிரபுவிடமிருந்து போன். பேச்சிராஜின் ரூமுக்குப் புதிதாக வந்த பையன். தளவாய் அந்த வண்டியில் வேலை பார்த்தான் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும்; கோதண்டராமன் பழைய இரும்புக்குப் போட்டதை யாரிடமும் சொல்லாமல் வாங்கியிருக்கிறான்.

"அண்ணே, நேத்து சாயங்காலமே டைமிங் வச்சாச்சு. யாரோ ஒரு அண்ணாச்சி வந்து சக்கரத்தப் பிடிச்சாரு. காலு சரியில்ல போல, இழுத்து இழுத்து நடந்தாரு. பேச்சே இல்ல, ஆனா என்னா கைங்கிறீங்க! இப்ப உதைக்கப் போறேன், கேளுங்க."

"ஏ, உதைக்காதடே! கால எடு! கால எடுடே!"

"ஹலோ? அண்ணே, கேக்கல..."

அப்புறம் அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

செல்போன் தளவாயின் கையிலிருந்து நழுவியது. நேற்று முழுக்க அவன் கட்டிலை விட்டு இறங்கவேயில்லை. வேல்விழிதான் குனிந்து போனை எடுத்தாள். எடுத்தவள் அவன் கைகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

இரண்டு உள்ளங்கையிலும் டயர்க் கறுப்பு.