வைஃபை பெட்டிக்கு முன்னால் நிறைகுடம்

பித்தளைக் குடத்துக்குப் புளியை விட்டால் வேறு மருந்து கிடையாது. எந்தப் பவுடர் போட்டாலும் அந்த மினுமினுப்பு வராது. என் சாமி அலமாரியில் இருக்கும் இரண்டு குடங்களையும் பார்த்தால் உங்களுக்கே தெரியும். அந்தக் குடங்களைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்பதால் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒளிப்பது என் குணமில்லை. ராமக்காள் வாயில் எதுவும் தங்காது என்று கம்பைநல்லூரில் எங்கள் தெருவே சொல்லும்.

என் வீடு நடுவில் ஒரு சுவர் வைத்து இரண்டாகப் பிரித்தது. முன்பாதியில் நான் ஒருத்தி. பின்பாதியில் அருள்குமாரும் அவன் பெண்டாட்டி சுசித்ராவும் குடியிருந்தார்கள். நல்ல பிள்ளைகள். சுவர் மெல்லியது, அது என் குற்றமில்லை. வந்த புதிதில் அவர்கள் வீட்டில் என்ன குழம்பு, யார் மேல் கோபம், எந்த நாத்தனார் போன் பண்ணினாள் என்பதெல்லாம் நான் கேட்காமலே எனக்குத் தெரிந்துவிடும். மாவு மில்லில் ராகி அரைக்க நிற்கும்போது பக்கத்துத் தெரு காவேரி, "அப்புறம் என்னாக்கா சேதி?" என்பாள். சொல்வதற்கு என்னிடம் எப்போதும் ஏதாவது இருக்கும்.

சுசித்ராவுக்கு ஏழாம் மாதத்தில் பிள்ளை தங்காமல் போனது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சே இல்லை. அவன் சாப்பிடு என்பான், அவள் ம் என்பாள். அப்போதுதான் அருள்குமார் டிவியில் சொருகி வீடியோ கேம் ஆடுகிற சின்னப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தான். ஆட்டம் எங்கேயோ இருக்கிற பெரிய கம்ப்யூட்டரில் ஓடுமாம். படம் மட்டும் வைஃபை வழியாக இவர்கள் டிவிக்கு வருமாம். இரண்டு பேரும் ஆளுக்கொரு ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கு வைத்ததும் உட்கார்ந்துவிடுவார்கள். ஆட்டத்தில் காடு திருத்தி, வெள்ளாமை வைத்து, ஒரு வீடு கட்டினார்கள். ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"பாருங்க்கா, இது எங்க வூடு. இது சமையக்கட்டு. இது சின்ன ரூமு."

சின்ன அறையில் ஒரு தொட்டில் இருந்தது. யாருக்கு என்று நான் கேட்கவில்லை. எனக்கும் நாகரிகம் தெரியும். மறுநாள் மில்லில் காவேரியிடம் மட்டும் சொன்னேன்.

அந்த ஆட்டம் வந்தபின் இருவரும் மெல்லப் பேச ஆரம்பித்தார்கள். அதுவரை சரி. ஆனால் சத்தம் எனக்குத் தொந்தரவாகக் கூடாது என்று ஆளுக்கொரு ஹெட்போன் மாட்டிக்கொண்டார்கள். என் மேல் அவ்வளவு மரியாதை. சுவரில் காதை வைத்தால் கிசுகிசுவென்று ஒரு இரைச்சல், நடுவில் சிரிப்பு. எதற்கென்று தெரியாத சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருப்பது குழம்பில்லாமல் களி தின்பது மாதிரி. தொண்டையில் இறங்காது. மில்லில் காவேரி கேட்டபோது, "ஒண்ணுமில்லடி" என்றேன். அவள் திரும்பி வேறொருத்தியிடம் பேசப் போய்விட்டாள்.

வைஃபை பெட்டி இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான். என் பக்கத்தில், நடுச்சுவரை ஒட்டிய சாமி அலமாரியில் இருக்கிறது. இன்டர்நெட் லைன் இழுத்த பூபதிதான் அங்கே வைத்தார். சாமி படத்துக்கு சீரியல் பல்பு போட வைத்த பிளக் அங்கேதான் இருந்தது. ஆயுத பூஜைக்கு அந்தப் பெட்டிக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டேன். அதன்பிறகு அது சாமி சாமான். யாரும் தொடமாட்டார்கள்.

ஒருநாள் மழையில் லைன் போனபோது பூபதி வந்தார். வேலை செய்துகொண்டே எனக்குப் பாடமும் எடுத்தார்.

"இதுல ரெண்டு பேண்டு, அதான் ரெண்டு அலைவரிசை, இருக்குதுங்க்கா. ஒண்ணு தூரம் போவும், வேகம் கம்மி. அவங்க ஆட்டத்துக்கு வேகமானதுதான் வேணும். ஆனா அதுக்கு சுவரே ஆவாது. குறுக்க இரும்பு, பித்தளை, தண்ணி எதுவும் இருக்கக் கூடாதுங்க. தண்ணி அப்படியே குடிச்சிரும்."

பெரிய விஷயம் தெரிந்த மனிதர். நான் ஒவ்வொன்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை குடங்கள் இரண்டையும் தேய்த்து, தண்ணீர் நிரப்பி, மாவிலை செருகி, தேங்காய் வைத்து, பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் வைத்தேன். பின்னால் என் சீர்த் தாம்பாளங்களைச் சாய்த்தேன். நிறைகுடம் வைப்பது ஒரு குற்றமா, நீங்களே சொல்லுங்கள்.

அன்று மாலை அவர்கள் படம் கட்டம் கட்டமாக உடைந்ததாம். பொத்தானை அழுத்தினால் ஆள் மெதுவாக நகர்ந்ததாம். கடைசியில் எல்லாம் நின்றுவிட்டது. இருவரும் ஹெட்போனைக் கழற்றினார்கள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர்கள் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அருள்குமார் தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தான். அணைத்துப் போட்டான். பேண்டை மாற்றினான். டிவியைச் சுவரோரம் தள்ளினான். பூபதியைக் கூட்டி வந்தான். பூபதி செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அலமாரியைப் பார்த்தார், குடங்களைப் பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். நகர்த்தச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "சுவத்துல ஒரு ஓட்டை போட்டு ஒயர் வுட்டுறலாங்களா?" என்று மட்டும் கேட்டார். சாமி சுவரில் ஓட்டை போடுவார்களா என்றேன். தப்புங்க்கா என்றார். அருள்குமார் தனி லைன் கேட்டதற்குக் கம்பத்துப் பெட்டியில் இடமில்லை என்றார்.

பிறகு தினமும் மாலையில் படம் நின்றது. முதலில் லைனைத் திட்டினார்கள். அப்புறம் ஒருவரையொருவர். ஒருநாள் சுசித்ரா, "ஒரு பொட்டியக்கூட உன்னால சரி பண்ண முடியல" என்றாள். அவன் ஏதோ சொன்னான். அதற்குப் பிறகு, அதுவரை இரண்டு பேரும் உள்ளேயே வைத்திருந்தது வெளியே வந்தது.

"ஆட்டோ வெச்சுக்கலாம்னு சொன்னேன். வயித்துப் பிள்ளையோட அந்தப் பள்ளத்து ரோட்டுல மொரப்பூருக்குப் பைக்ல ஏத்தினு போனது நீதான்."

"ரயில் ஸ்டேஷனுக்கு நானும் வருவேன்னு ஒத்தக் கால்ல நின்னது யாரு?"

நான் சுவரோரம் அசையாமல் நின்றிருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அதைக்கூடப் பார்க்கவில்லை.

காலையில் அவள் பையோடு ஏரியூருக்கு, அம்மா வீட்டுக்குப் புறப்பட்டாள். நான்தான் காபி போட்டுக் கொடுத்தேன். தலையைத் தடவிவிட்டேன். என் தோளில் சாய்ந்து அழுதாள். அன்று மாவு மில்லில் ராகி அரைத்து முடிந்த பிறகும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

இதில் என் பங்கு எவ்வளவு என்று கேட்டால், குடம் வைத்தேன், அவ்வளவுதான். வார்த்தைகள் அவர்களுடையவை.

இன்று காலை அருள்குமார் வந்தான். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. "அக்கா, அவ அவங்க வூட்டு லைன்ல இருந்தே ஆட்டத்துக்கு வரேன்னுட்டா. எங்கிட்ட பேச மாட்டாளாம். ஆனா ஆட்டத்துல கட்டின அந்த வூட்டுக்கு வருவாளாம். இன்னிக்கு சாயந்திரம் லைன் மட்டும் நிக்காம இருந்தா போதும்க்கா. சாமிய வேண்டிக்குங்க."

வேண்டிக்கொண்டேன். படம் நின்றால் அவன் அவளுக்குப் போன் போட்டுப் பார்ப்பான். ஸ்பீக்கரில்தான் போடுவான். அவள் எடுக்காவிட்டால் அழுவான். அதுவும் நன்றாகக் கேட்கும்.

அவன் டிவி முன்னால் உட்காருவதற்கு முன்பு குடங்களை இறக்கிக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி, அதே இடத்தில் வைத்துவிட்டேன். பழைய தண்ணீர் நின்றால் கொசு சேரும். பக்கத்தில் குடியிருக்கிற பிள்ளைக்கு என்னால் ஒரு தொந்தரவு வந்தது என்று இருக்கக் கூடாது பாருங்கள்.